எட்டே நாளில் வெளுக்கும் என்றவர்களுக்கு

"வெள்ளையாகணும்னு ஆசைப்பட்ட, இப்ப அனுபவி." தம்மம்பட்டியில் என் முகத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் இதையேதான் சொல்கிறார்கள். வாய்விட்டுச் சொல்கிறவர்களுக்குக் கோடி புண்ணியம். ஒன்றும் சொல்லாமல் கன்னத்தையும் மோவாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்கிறார்களே, அவர்களைத்தான் தாங்க முடியவில்லை.

ஆசைப்பட்டது யார்? நாமக்கல் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்த அம்மாள், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணு லட்சணந்தான், கலரு மட்டும் கொஞ்சம் மட்டு" என்றார். ஆசை அவருடையது. "மெடிக்கல்ல கேட்டா நைட் க்ரீம் குடுப்பாங்க, நம்ம பக்கத்துல எத்தனை புள்ளைங்க போடுதுங்க" என்று அம்மாவின் காதில் ஓதியது அத்தை. காசை வாங்கிக்கொண்டு ட்யூபைக் கொடுத்தவர் கடைக்காரர். அதைக் கலந்து, அடைத்து, ஊர் ஊராக அனுப்பியது ஒரு கம்பெனி. அந்தக் கடைக்கு உரிமம் கொடுத்தது அரசாங்கம். இத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள். குற்றவாளிக் கூண்டில் மட்டும் நான் ஒருத்தி.

நான் மரச்சிற்பக்காரர் வீட்டுப் பெண். அப்பா உளி பிடிப்பவர். நான் உப்புத்தாள் தேய்த்து பாலிஷ் போடுகிறவள். எங்கள் பட்டறைக்கு வருகிறவர் கையகலப் பிள்ளையார் வாங்கினாலும், "இது என்ன மரம்?" என்று கேட்காமல் வாங்க மாட்டார். தூங்குமூஞ்சி என்றால் தூங்குமூஞ்சி, தேக்கு என்றால் தேக்கு என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா விலை பேசுவார். எங்கள் ஊர்ச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வேறெங்கோ செதுக்கியதைத் தம்மம்பட்டிச் சிற்பம் என்று விற்றால் சட்டப்படி தப்பு. மரக்கட்டைக்கு இத்தனை நியாயம் பார்க்கிற நாட்டில், நான் முகத்தில் பூசிய பசைக்குள் என்ன இருந்தது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அந்தக் கடைக்காரர் அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்தார். பிரித்தார். அட்டையையும் உள்ளே மடித்து வைத்திருந்த தாளையும் தன் பக்கமே வைத்துக்கொண்டு ட்யூபை மட்டும் கவரில் போட்டு நீட்டினார். "ராத்திரி மட்டும் போடு பாப்பா. எட்டே நாள்ல பாரு." டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்கவில்லை. பில் தரவில்லை. முகத்தில் மங்கு இருக்கிறதா, என்னத்துக்குப் போடுகிறாய், எத்தனை நாளைக்குப் போடுவாய், எதுவும் கேட்கவில்லை. அட்டையைக் கழற்றத் தெரிந்தவருக்கு அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலா இருக்கும்? அதில் சிவப்புக் கட்டத்துக்குள், பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்று அச்சடித்திருக்கும். ஆங்கிலத்தில்.

வெளுத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி. கடைக்காரர் சொன்ன மாதிரியே வெளுத்தது. கல்யாண வீட்டில், கோயிலில், ஆத்தூர் பஸ்ஸில் என்று பார்த்தவர்கள் எல்லாம், "என்னா போடுற, எங்களுக்கும் சொல்லேன்" என்றார்கள். நானும் சொன்னேன், அவர்களும் வாங்கினார்கள். இப்போது அவர்களில் இரண்டு பேர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தண்ணீருக்குப் போகிறார்கள்.

ட்யூப் தீர்ந்து ஒரு வாரம் வாங்காமல் இருந்தபோது ஆரம்பித்தது. முகம் முழுக்க மிளகாய் அரைத்துப் பூசினதுபோல் காந்தல். சிவந்து, தடித்து, கொப்புளம் கொப்புளமாக. வெயிலுக்குப் போனால் எரிந்தது. அதைவிட, அடுப்படிக்குப் போனால் எரிந்தது. சோறு வடிக்கும் ஆவி பட்டாலே கன்னம் கொதித்தது. ஓடிப்போய் மறுபடி வாங்கிப் பூசினால் ஒரே ராத்திரியில் அடங்கியது. நிறுத்தினால் திரும்பவும் எரிந்தது. இப்படியே போய், கன்னத்துத் தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்து, உள்ளே சிவப்பு நரம்பு நூல் நூலாகத் தெரிய, மோவாயிலும் கன்னத்திலும் முடி முளைத்தது. சம்பந்தம் அதற்கு முன்பே முறிந்துபோயிருந்தது. அதை நான் ஒரு நஷ்டமாகவே கணக்கில் வைக்கவில்லை.

சேலம் பெரியாஸ்பத்திரியில்தான் முதன்முதலாக ஒருவர் என் கையிலிருந்த ட்யூபை வாங்கித் திருப்பிப் படித்தார். தோல் டாக்டர், ஒரு அம்மா. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, "இதுல மூணு மருந்து இருக்கும்மா. மூணுமே சீட்டு மருந்து. ஒண்ணுகூட க்ரீம் கிடையாது" என்றார். அன்றைக்கு அவர் சொன்னதும், அதற்குப் பிறகு நானாகக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதும்தான் கீழே எழுதுவது. கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டியதை, முகம் வெந்த பிறகு நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலாவது ஹைட்ரோகுவினோன், 2 சதவீதம். தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனின் உற்பத்தியையே தடுப்பது. பழைய ஸ்டுடியோக்களின் இருட்டறையில் கறுப்பு வெள்ளைப் படம் கழுவும் கரைசலில் இருந்ததும் இதே ரசாயனம்தான். நிறம் வெளுக்கும் அழகுப் பொருள்களில் இதைச் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பாவில் 2001லேயே தடை வந்துவிட்டது. அமெரிக்காவில் 2020 முதல் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. மாதக்கணக்கில் வருஷக்கணக்கில் பூசினால், வெளுக்க வேண்டிய இடமே நீலம் பாய்ந்த கறுப்பாக மாறிவிடுவதும் உண்டு. அந்தக் கறை லேசில் போகாது.

இரண்டாவது ட்ரெட்டினாயின். வைட்டமின் ஏ வகை. மேல்தோலை வேகமாக உரித்துப் புதுத்தோலை வரவைப்பது. பருவுக்கு நல்ல மருந்து, டாக்டர் பார்த்துக் கொடுத்தால். பூசிய தோல் வெயிலைத் தாங்காது, பகலில் சன்ஸ்க்ரீன் இல்லாமல் வெளியே போகக் கூடாது. கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. இந்த ட்யூபை யாருக்கு விற்கிறார்கள்? கல்யாணம் நிச்சயமான பெண்களுக்கு. தாலி ஏறிய பிறகும் அவள் பூசிக்கொண்டேதான் இருப்பாள். நாள் தள்ளிப்போனதே தெரியாத அந்த முதல் வாரங்களிலும் பூசுவாள். அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் வாய்முத்து உதிர்ந்துவிடுமா?

மூன்றாவதுதான் ஆளைச் சாய்த்தது. மொமெட்டசோன், 0.1 சதவீதம். ஸ்டீராய்டு. அது பட்டதும் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, ரத்தம் வற்றிய இடம் வெளிறுகிறது. இதை ரகசியம் என்று நினைத்துவிடாதீர்கள். மெக்கென்சி, ஸ்டாட்டன் என்ற இரண்டு பேர் 1962லேயே, எந்த ஸ்டீராய்டு தோலை எவ்வளவு வெளிற வைக்கிறது என்று பார்த்து அதன் பலத்தை அளக்கும் முறையை எழுதி வைத்துவிட்டார்கள். நான் கண்ணாடியில் பார்த்துப் பூரித்துப்போன நிறம், ரத்தம் வற்றிய வெளிறல். அதோடு ஸ்டீராய்டு எல்லா அரிப்பையும் வீக்கத்தையும் அமுக்கி வைத்துவிடும். மற்ற இரண்டு மருந்தும் தோலை எரிப்பது தெரியாமல் மறைக்கும். நாளடைவில் தோல் மெலியும். நிறுத்திய அன்று சுருங்கிய ரத்தக்குழாய் எல்லாம் ஒரேயடியாக விரியும். அதுதான் அந்தக் காந்தல். இந்த முகத்துக்கு டாக்டர்களிடம் பெயரே இருக்கிறது: ஸ்டீராய்டால் சேதமான முகம். பெயர் வைக்கும் அளவுக்கு நாங்கள் பெருகிவிட்டோம்.

ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. 1952ல் முதன்முதலாக மேல்பூச்சாக வந்தபோது, கரப்பான் வந்து ராத்திரி முழுக்கச் சொறிந்து தூங்காமல் கிடந்தவர்களுக்கு அது சாமி கொடுத்த வரம். இன்றைக்கும் அப்படித்தான். மூன்றும் சேர்ந்த க்ரீமும் மங்கு என்கிற நோய்க்கு உள்ள மருந்துதான். அமெரிக்காவில் இதேபோன்ற மூன்று மருந்துக் கலவைக்கு 2002ல் அனுமதி கொடுத்தபோது, மங்குக்கு மட்டும், 8 வாரம் வரை, வெயில் படாமல் என்று கட்டுப்பாட்டோடு கொடுத்தார்கள். எனக்கு மங்கு இல்லை. நான் பிறந்த நிறத்தில் இருந்தேன். நோயே இல்லாத முகத்துக்கு நோய் மருந்தைக் கொடுத்து, நோயாளியாக்கி அனுப்பியிருக்கிறார்கள்.

இந்தக் கலவையின் பாட்டன் யாரென்று தேடினால், 1975ல் இதே மூன்று வகை மருந்தைச் சேர்த்து நிறம் நீக்கும் பூச்சு ஒன்றை அமெரிக்காவில் வெளியிட்ட ஆல்பர்ட் க்ளிக்மன் வருகிறார். ஃபிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் ஆண்டுக்கணக்காகச் சோதனை நடத்திய அதே மனிதர். ஃபேர் அண்ட் லவ்லி இந்தியக் கடைகளுக்கு வந்ததும் 1975தான். அந்தக் களிம்பு என் முகத்தை ஒன்றும் செய்யவில்லை, அதையும் இதையும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் என்ன வருஷமப்பா அது!

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஏராளமாக இருக்கிறது. 1940ல் போட்ட மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டம் இருக்கிறது. சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கு ஷெட்யூல் எச் என்ற பட்டியல் இருக்கிறது. ஆனால் மேலுக்குப் பூசுவதுதானே என்று பூச்சு மருந்துகளுக்கு அந்தப் பட்டியலில் ரொம்ப காலம் விலக்குக் கொடுத்து வைத்திருந்தார்கள். தோல் மருத்துவர் சங்கம் ஆண்டுக்கணக்காகக் கத்தியது. நாட்டின் 12 மையங்களில், முகத்தில் தோல்நோயோடு வந்த 2,926 பேரைப் பார்த்து 2011ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தவர்கள். அதிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதைப் பூசச் சொன்னது மருத்துவர் இல்லை. 2018 மார்ச்சில்தான் 14 பூச்சு ஸ்டீராய்டுகளை ஷெட்யூல் எச்சில் சேர்த்து மத்திய அரசு அறிவிக்கை போட்டது. அந்த அறிவிக்கை டெல்லியில் புறப்பட்டு எந்த ஊர் வரைக்கும் வந்தது? எங்கள் ஊருக்கு வரவில்லை. ஆத்தூர் பஸ் தினமும் வருகிறது, இது மட்டும் வரவில்லை.

முகத்தோடு போயிருந்தால் பெண்பிள்ளைகளின் அழகுப் பைத்தியம் என்று நீங்கள் ஒதுக்கிவிடலாம். அப்பாவுக்கு நடந்ததைக் கேளுங்கள். நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்து செதுக்குகிற வேலை, வேர்வை, மரத்தூள். தொடையிடுக்கில் படை வந்தது. உழைக்கிறவனுக்கு வருவதுதான், காடு கழனியில் நிற்கிறவர்களுக்கும் லாரி ஓட்டுகிறவர்களுக்கும் வராததா? மெடிக்கலில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். பூசிய மறுநாளே அரிப்பு நின்றது. தீர்ந்ததும் முன்னைவிட அகலமாகப் படர்ந்தது. அந்தக் களிம்பையும் டாக்டரம்மாவிடம் காட்டினேன். பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, இவற்றோடு க்ளோபெட்டசால். பூச்சு ஸ்டீராய்டுகளிலேயே அதிக பலமுள்ள வகை. அரிப்பை அது அடக்கிவிடும், பூஞ்சையோ தடுக்க ஆளில்லாமல் உள்ளே ஏகபோகமாக வளரும். படையின் வடிவமே மாறிப்போவதால் டாக்டருக்கே அடையாளம் தெரியாது.

இப்படிப் பூசிப் பூசி, வழக்கமான மாத்திரைக்கு அடங்காத படை இன்று நாடெங்கும் பரவிக்கிடக்கிறது. அதற்குக் காரணமான பூஞ்சை ஒன்றுக்கு 2020ல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று நம் நாட்டின் பெயரையே சேர்த்து வைத்துவிட்டார்கள். பெருமைதான்! காரணமில்லாமல் பல மருந்தைக் கலந்து விற்கும் 344 கலவைகளுக்கு மத்திய அரசு 2016 மார்ச்சில் தடை போட்டது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின, தடை விழுந்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பி, 2018 செப்டம்பரில் 328 கலவைகளுக்கு மறுபடி தடை வந்தது. க்ளோபெட்டசால் கலந்த சில களிம்புகளும் அந்தப் பட்டியலில் உண்டு. பட்டியலில் ஒன்றை அடித்தால் வேறு சேர்மானத்தில் இன்னொன்று அலமாரிக்கு வந்துவிடுகிறது. அப்பாவின் தொடையில் இன்னும் தழும்பு வரிவரியாக இருக்கிறது. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேச மாட்டார். நான் எழுதுவதுகூட அவருக்குத் தெரியாது.

எங்கள் ட்யூபிலாவது பெயர் அச்சடித்திருந்தது. பெயரே இல்லாமல் வருகிறவை இருக்கின்றன. சின்ன டப்பா, மேலே வெள்ளைக்காரியின் படம், ஏதோ வெளிநாட்டு எழுத்து, எங்கே செய்தது என்று தெரியாது. பார்லரில் கொடுப்பார்கள், போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வரும். அவற்றில் சிலவற்றில் இருப்பது பாதரசம். மெலனின் உண்டாவதைத் தடுத்து அதுவும் நிறத்தை வெளுக்க வைக்கும். தோல் வழியே உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

கேரளத்து மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனை டாக்டர்கள் இதைக் கண்டுபிடித்த கதையை நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கொட்டும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைப் பார்த்தார்கள். 15 பேருக்கு அந்த நோயில் அபூர்வமாக மட்டுமே வரும் ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள். காலும் முகமும் வீங்கி வந்தவர்களிடம், "முகத்துக்கு என்ன பூசுற?" என்று கேட்கத் தோன்றியதே, அந்த டாக்டர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கேரள அரசு 2023ல் ஆபரேஷன் சௌந்தர்யா என்று பெயர் வைத்துக் கடை கடையாகச் சோதனை போட்டுப் பறிமுதல் செய்தது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் அந்த டப்பா நல்லதாகிவிடுமா என்ன?

இந்த நாட்டு விதி, 2020ல் வந்த அழகுப் பொருள் விதிகள், கண்ணுக்குப் போடுவது தவிர்த்த பொருள்களில் தவறிக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023ல் ஜெனீவாவில் கூடி, அந்த ஒரு பங்குக் கணக்கையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த அழகுப் பொருள் எதுவுமே 2025க்குப் பிறகு கூடாது என்று முடிவெடுத்தன. ஆனால் டப்பாவில் பாதரசம் என்று யார் எழுதுவார்? எழுதினாலும் கலோமெல், மெர்க்குரிக், அம்மோனியேட்டட் மெர்க்குரி என்று எழுதுவார்கள். ஒரு துப்பு மட்டும் உண்டு. தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் இவற்றின்மேல் படாமல் பயன்படுத்தவும் என்று டப்பாவில் எழுதியிருந்தால் உள்ளே பாதரசம் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரித்திருக்கிறது. சேலம் ஜில்லாக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டுமா? வெள்ளிக் கொலுசு செய்கிற ஊர் நம்முடையது. கொலுசில் படக் கூடாத பொருள் கன்னத்தில் படலாமா?

இனி எந்த க்ரீமையும் தொட மாட்டேன் என்று நான் சபதம் போடவில்லை. ஒழுங்கான க்ரீமில் இருப்பதைப் பார்த்தால் இவ்வளவுதானா என்றிருக்கும். சட்டப்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பதை எல்லாம் அதிகத்திலிருந்து குறைவாக வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும். முதலில் வருவது பெரும்பாலும் தண்ணீர். ஈரத்தைப் பிடித்து வைக்க க்ளிசரின். பிசுபிசுப்பில்லாமல் பரவ ஸ்டியரிக் அமிலம், சீட்டைல் ஆல்கஹால், டைமெத்திக்கோன். பூசியதும் பளிச்சென்று வெள்ளையாகக் காட்ட டைட்டானியம் டையாக்சைடு, அது பவுடர் மாதிரி, முகம் கழுவினால் போய்விடும். நியாசினமைடு என்று இருந்தால் அது வைட்டமின் பி3, கரும்புள்ளியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. கெட்டுப்போகாமலிருக்க மெத்தில்பாரபென், ஃபீனாக்ஸிஎத்தனால். பாரபென் என்றதும் அலறுகிறவர்கள் இருக்கிறார்கள், அளவோடு சேர்க்க அனுமதித்ததுதான். அலர்ஜி உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது வாசனையை. அந்த ஒரே பெயருக்குள் பல ரசாயனங்கள் ஒளிந்திருக்கலாம். ஹெர்பல், ஆயுர்வேதம், இயற்கை என்று எழுதி ஒரு இலைப் படம் போட்டுவிட்டால் மட்டும் எதுவும் சுத்தமாகிவிடாது. அந்த டப்பாவிலும் லைசென்ஸ் எண்ணும், பேட்ச் எண்ணும், தயாரித்தவர் விலாசமும், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையா, அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பெயர்களில் முக்கியமானது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்ளோமெத்தசோன், ஃப்ளூடிகசோன், ஃப்ளூசினோலோன், க்ளோபெட்டசால், ஹாலோபெட்டசால். பூஞ்சை மருந்துகளான கீட்டோகோனசோல், க்ளோட்ரிமசோல் ஆகியவற்றின் பெயரும் ஏறக்குறைய அப்படியே ஒலிக்கும், அவை ஸ்டீராய்டு இல்லை. நான் இதை எல்லாம் மனப்பாடம் செய்திருக்கிறேன். பிளஸ் டூவில் வேதியியல் இப்படிப் படித்திருந்தால் காலேஜுக்கே போயிருப்பேன்.

ஒரு பெண் தன் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள இத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? இதுதான் என் கேள்வி. "நீதான் படிச்சுப் பார்த்திருக்கணும்" என்கிறவர்களே, அந்த எழுத்தை ஒருதரம் பார்த்திருக்கிறீர்களா? கடுகு அளவு. ஆங்கிலம். அதைத் தமிழில் போட வேண்டிய கட்டாயம்கூட இல்லை. பொட்டலப் பொருள்களுக்கான 2011 விதிகளின்படி விவரம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும், வேறு மொழி அவர்கள் இஷ்டம். தம்மம்பட்டியில் தமிழருக்கு விற்கிற பொருளில் தமிழ் இஷ்டப்பட்டால்தான் வரும். "எட்டே நாளில்" என்று சொல்கிறபோது மட்டும் தமிழ் எவ்வளவு அழகாக வருகிறது அவர்களுக்கு!

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். 2016 ஏப்ரல் முதல் சிகரெட் அட்டையில் 85 சதவீத இடத்துக்குப் புற்றுநோய்ப் படம் போட வைத்திருக்கிறீர்கள். படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிறது. ஸ்டீராய்டு ட்யூபிலும் அப்படிப் போடுங்கள். படத்துக்கு ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன். என் முகத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு பைசா வேண்டாம்.

ஃபேர் அண்ட் லவ்லி 2020ல் பெயரை மாற்றிக்கொண்டது. ஒரு கல்யாண இணையதளம் அதே வருஷம் தோல் நிறத்தைக் கேட்டுத் தேடும் வசதியை எடுத்துவிட்டது. 2014லேயே விளம்பரத் தரக் கவுன்சில், கறுப்பு நிறக்காரர்களைத் தாழ்த்திக் காட்டக் கூடாது என்று விதி எழுதியது. எல்லாம் சரி. காபி டம்ளரைக் கீழே வைத்த அந்த அம்மாளுக்கு யார் விதி எழுதுவது? தம்மம்பட்டியில் வெயிலில் பிறந்து வெயிலில் வளர்கிறோம். அப்பா செதுக்குகிற அம்மன்கள் எல்லாம் மரத்தின் நிறத்தில்தான் இருக்கிறார்கள், வாங்கிக்கொண்டுபோய்க் கும்பிடுகிறார்கள்.

இப்போது சிகிச்சை நடக்கிறது. ஸ்டீராய்டைப் படக்கென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் விட வேண்டும் என்பதே எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். சிவப்பு குறைந்திருக்கிறது. மெலிந்த தோல் எவ்வளவு தேறும் என்று சொல்ல முடியாதாம். இதே நிலையில் இருக்கிற தங்கச்சிகளே, வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள் கிடக்காதீர்கள், இன்னொரு ட்யூபும் வாங்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரியில் தோல் பிரிவு இருக்கிறது, காசு கிடையாது. போகும்போது பூசிய ட்யூபையோ டப்பாவையோ கையோடு எடுத்துப்போங்கள். மருந்தால் கெடுதல் வந்தால் நாமே சொல்வதற்கு மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணை வைத்திருக்கிறது. கூப்பிட்டுச் சொல்லுங்கள். நாம் சொல்லாதவரை அவர்கள் ஏட்டில் நாம் இல்லை.

மருந்து ஆய்வாளர் ஐயாமார்களே, அம்மாமார்களே, உங்களுக்கு ஒன்று. நாள் குறித்து, முன்கூட்டியே தெரியப்படுத்தி, டீ குடித்துவிட்டுப் போகிற சோதனை எங்களுக்கு வேண்டாம். கல்யாண வயதுப் பெண் ஒருத்தியைச் சாதாரணச் சேலையில் அனுப்பி, "நைட் க்ரீம் இருக்காண்ணா?" என்று கேட்கச் சொல்லுங்கள். தம்மம்பட்டியிலும் கேட்கச் சொல்லுங்கள், கெங்கவல்லியிலும், வீரகனூரிலும், ஆத்தூரிலும், நாமக்கல்லிலும். சீட்டுக் கேட்காமல், அட்டையைக் கழற்றிவிட்டு ட்யூபை நீட்டுகிற கடையின் உரிமத்தை ரத்து செய்ய உங்கள் துறைக்குச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. ரத்து செய்யுங்கள்.